ஒரு மீட்டர்

பனியில் புதைந்தால் கண்டுபிடிப்பதற்காக ஆளுக்கொரு கருவியை நெஞ்சில் கட்டியிருந்தோம். பக்கத்தில் இயங்கும் இன்னொரு கருவி எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அதன் திரை காட்டும். சறுக்கி இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பது வழக்கம். இன்பன் முப்பது மீட்டர் தள்ளிப் போய் நின்றான். என் திரை ஒரு மீட்டர் என்றது.

"உன்னோடதை ஆஃப் பண்ணு."

பண்ணினான். எண் மாறவில்லை.

"பழைய மெஷின்டா. வெயில் ஏறுது, பனி சரிஞ்சிடும். கிளம்பு."

இந்தச் சரிவு தனக்கும் புதிது என்றுதான் காலையில் சொல்லியிருந்தான். மே மாதப் பனி இளகிக் கிடந்தது. கைக்கம்பைக் காலடியில் செருகினேன். பாதியில் எதிலோ மெத்தென்று முட்டியது.

நான் வாய் திறக்கவில்லை.

"மரவேரா இருக்கும்," என்றான், இந்தப் பக்கம் திரும்பாமலே.

கடைசி மரத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஏறி வந்திருந்தோம்.