முதலடி

ஏழு கடல் சூழ்ந்த இவ்வையகத்தார்க்கெல்லாம் அறிவிப்பது யாதெனில், நாட்டுப்புற இசைப் பேரரசி குருவம்மாள் இன்று முதன்முறையாகத் தனியாகப் பாடப்போகிறார். விழாத் தலைவர் இதைச் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. முப்பத்தாறு வருஷமாக நோட்டீஸில் வெள்ளத்தாயி–குருவம்மாள் என்றுதான் பெயர் வரும். வெள்ளத்தாயி முதலடி எடுப்பாள். அடுத்த அடியைக் குருவம்மாள் வாங்கிப் பாடுவாள். வெள்ளத்தாயி செத்து நாற்பது நாளாகிறது. இன்றைக்குப் பாடிக் காட்டாவிட்டால் இனி எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடப் போவதில்லை.

"பாடிருவீகளா மதினி?" என்றார் உறுமிக்காரர் சேவுகன்.

"பாடாம? பாதிப் பாட்டு எந்தொண்டையில வந்ததுதானய்யா."

உறுமி இரண்டு சுற்று அடித்து நின்றது. முதலடி குருவம்மாளுக்கு மனப்பாடம்தான். ஆனால் அது வெள்ளத்தாயி நிற்கும் இடப்பக்கத்திலிருந்து வரட்டும் என்று தொண்டை அதுபாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தது. சேவுகன் மறுபடி அடித்து நிறுத்தினார். "நீங்களே எடுங்க மதினி. வேற யாரு எடுப்பா?" என்று கெஞ்சினார். அவள் இடப்பக்கம் திரும்பி, ஆளில்லாத மைக்கையே பார்த்தபடி நின்றாள்.

தலைவருக்குப் புரிந்துவிட்டது. "மறைந்த தோழிக்கு இசைப் பேரரசியின் மௌன அஞ்சலி" என்று முழங்கிக்கொண்டே எழுந்தார். சபை மொத்தமும் எழுந்து தலை குனிந்தது.

அந்த அமைதியில்தான் அவள் தொண்டை திறந்தது. முதலடியின் முதல் இரண்டு சொல் வெளியே வந்துவிட்டது.

"உஷ்" என்றார் தலைவர்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் பொன்னாடை போர்த்தி அவளைக் கீழே இறக்கினார்கள். அடுத்த நிகழ்ச்சி பட்டிமன்றம்.