எமிலியின் கல்

காடு வெட்டிக் குடியேறிய லூக்கின் முன்னோரைப் புதைத்த சவக்காலை கனடாவின் மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறது. இந்தக் கோடையில் குடும்பத்தார் ஞாயிறுதோறும் அங்கே கூடி, சரிந்து கிடந்த இருபத்திரண்டு கல்லறைக் கற்களையும் கிழக்குப் பார்க்க நிமிர்த்திச் சீமெந்து போட்டார்கள்.

லூக்கின் மனைவி தாட்சாயினிக்குக் கிடைத்தது எமிலியின் கல். ஐந்து வயதில் இறந்த பிள்ளை. பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு எழும்பும்போது, விடைபெறும் பழக்கதோஷத்தில், "போட்டு வாறன் பிள்ளை" என்றாள்.

அன்று பின்னேரம் தொலைபேசியில் இதைக் கேட்டு அவளுடைய அக்கா பதறினாள். "சவக்காலையில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? சொல்லாமல் எல்லோ வர வேணும். நீ திரும்பி வருவாய் எண்டு அது பாத்துக்கொண்டு இருக்குமடி!"

அடுத்த ஞாயிறு எமிலியின் கல் மட்டும் வீதியைப் பார்த்து நின்றது. சீமெந்தில் வெடிப்பு இல்லை. யாரோ செய்த சேட்டை என்று சொல்லி, லூக் அதைக் கிண்டியெடுத்துத் திருப்பி நட்டான். தாட்சாயினி இம்முறை எதுவும் சொல்லாமல் காரில் ஏறினாள்.

அதற்கடுத்த ஞாயிறு மழை தூறியது. கல் சவக்காலை வாசலில், கேற்றடியில் நின்றது. அதன் முன்னால், ஒரு பிள்ளை நெடுநேரம் கால் மாற்றி மாற்றி நின்ற அளவுக்குப் புல் மிதிபட்டிருந்தது.