திமிங்கிலத்தின் தொண்டை

கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைச் சுற்றி ஊரே நின்றது. யோனாவை ஒரு பெரிய மீன் விழுங்கி, மூன்று நாள் கழித்து உயிரோடு கக்கியது நிஜமாகவே நடந்ததா என்று உபதேசியார் அந்தோணிப்பிச்சைக்கும் ரொமால்டு வாத்தியாருக்கும் சண்டை.

"இதோட தொண்டையில தேங்காகூட இறங்காதுவே. ஆளு எப்படிப் போவான்?" என்றார் வாத்தியார்.

"கையை விட்டுப் பாத்துட்டுச் சொல்லும் ஓய்!" என்றார் உபதேசியார்.

கூட்டம் சிரித்தது. வாத்தியார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டு, பிளந்து கிடந்த வாய்க்குள் தோள்வரை கையை விட்டார்.

அப்போது தெக்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் கஸ்பார் கடலுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. வெறும் பெட்டியில் அவன் வேட்டி சட்டையை வைத்து அடக்கம் செய்வதற்காக, இன்று சாயங்காலம் கோயிலில் துக்கமணி அடிக்கப்போகிறார்கள்.

"ஆளு போவுமா சார்?" என்று கேட்டாள்.

சிரிப்பு அடங்கியது. வாத்தியாரின் விரல்கள் அவள் வருவதற்கு முன்பே தொண்டையில் இடித்து, அதற்குமேல் போகாமல் நின்றுவிட்டிருந்தன. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பொறும்மா," என்றார். "இன்னும் உள்ள போவுது."