சின்ன வயிறு

வெள்ளத்துக்கு நடுவே ஒரு மேடு. அதில் ஒரு யானையும் ஒரு மூஞ்சூறும் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தன. யானைக்கு அங்கே மூங்கில் புதர் இருந்தது. மூஞ்சூறு தின்கிற புழுக்களோ ஒரு பாறாங்கல்லுக்கு அடியில் இருந்தன.

"அண்ணே, அந்தக் கல்லைக் கொஞ்சம் புரட்டி விடுங்க. விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டது. பசி உயிர் போகுது" என்றது மூஞ்சூறு.

யானைக்குச் சிரிப்பு வந்தது. குதிர் மாதிரி இருக்கும் தன் வயிறே ஒரு நாள் பட்டினி தாங்கும். புளியங்கொட்டை அளவு வயிற்றில் எவ்வளவு பசிதான் இருந்துவிடும்? ஆனாலும் அது இரக்கமுள்ள யானை. தும்பிக்கை நுனியால் மூஞ்சூற்றின் மார்பைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே தையல் மெஷின் ஓடுவதுபோல இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குடா இப்படிப் பதறுறே? இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு நானே நிதானமா இருக்கேன். இந்தப் புதரை முடிச்சிட்டு வர்றேன், இரு."

"அதுவரைக்கும் தாங்காதுண்ணே."

"அதெல்லாம் தாங்கும்."

சாயங்காலம், சொன்னபடியே யானை வந்தது. ஒரே உதையில் கல் புரண்டது. புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. மூஞ்சூறு பக்கத்திலேயே சுருண்டு படுத்திருந்தது. யானை மறுபடியும் அதன் மார்பைத் தொட்டுப் பார்த்தது. படபடப்பு சுத்தமாக நின்றிருந்தது.

"பாத்தியா, தானாவே அடங்கிடுச்சு. சின்ன வயிறுதானே!"

தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே என்று, யானை சத்தமில்லாமல் அடியெடுத்து வைத்து மூங்கிலுக்குத் திரும்பியது.