தலைவர் துணை

“இதனால் தோட்டத்து மக்கள் சகலருக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு அறியத் தருவது யாதெனில், நமது லயத்துப் பிள்ளை விதுஷாவின் தீராத வயிற்று வலிக்கு விடை காணும் பொருட்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரும், பஸ் தரிப்பிடம், நவீன கழிப்பறைத் தொகுதி, கோயில் மணி ஆகியவற்றைப் பெற்றுத் தந்தவருமான சமாதான நீதவான் சாமஸ்ரீ தேசகீர்த்தி வீரசிங்கம் அவர்கள் நாளை பதுளைக்கு நேரில் செல்கிறார்.”

கோயில் ஒலிபெருக்கியில் இதை வாசித்தவரும் வீரசிங்கம் அவர்கள்தான். வேறு ஆளிடம் கொடுத்தால் பட்டத்தில் ஒன்றை விழுங்கிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

விதுஷாவின் அம்மா பாக்கியலெட்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நின்று கேட்டாள். பக்கத்து நிரைப் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வயிற்று வலி, குமட்டல். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளுக்கு அது போதும். மிச்சத்தை லயமே சொல்லிக்கொள்ளும்.

“மாசம் தவறாம வருதா புள்ளைக்கு?” என்று குழாயடியில் இராக்கம்மா கேட்டே விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாக்கியம் மகளை அடித்தாள். “யாருடி? சொல்லு.”

“யாரும் இல்லம்மா. வலிக்குதும்மா.”

தோட்டத்து டிஸ்பென்சரியில் பரிசோதித்தார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை ஒலிபெருக்கியில் யாரும் அறிவிக்கவில்லை.

கொழும்பில் கடையில் நிற்கும் புருஷன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். “பாதி நாளு பள்ளிக்கூடத்துல வாந்தி எடுத்துக்கிட்டுத் திரியுது. இந்த டொக்டரும் கண்டுபிடிக்கலேன்னா நிப்பாட்டிரு. இங்க ஒரு வீட்டுல சமைக்க ஆள் கேக்குறாங்க.”

வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை அது. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை பக்கத்தில் நின்றது.

மறுநாள் பஸ்ஸில் தோட்டத் தலைவர் வீரசிங்கம் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் நடந்தாலும் சரி, பஸ் குலுங்கினாலும் சரி, இடுப்பில் சாவிக்கொத்து ஒலிக்கும். வாசிகசாலை, சங்க அறை, கோயில் உண்டியல் என்று தோட்டத்தில் பூட்டு இருந்தால் அது அவர் பொறுப்பு.

“பயப்படாத பாக்கியம். பேசுறத நான் பேசிக்கிறேன்.”

அதுதான் வழக்கம். டிஸ்பென்சரி ஐயாவிடம் அவரே பேசினார், பெனடோல் மாத்திரை கிடைத்தது. நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் அவரே பேசினார், கசாயம் கிடைத்தது. பூசாரியிடமும் அவரே பேசினார். பேய் என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளையை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டார்.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் சிவரூபி யாழ்ப்பாணத்துக்காரர். தலைவர் உள்ளே வந்து நோயாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்ததை ஒரு கணம் பார்த்தார்.

“எப்ப நோகிறது பிள்ளை?”

“பள்ளிக்கூடத்துலதாங்க அதிகம்,” என்றார் வீரசிங்கம்.

“சாப்பாடு?”

“ஒழுங்கா திங்காதுங்க. இந்தக் காலத்துப் புள்ளைக...”

“நோகிறது உங்களுக்கோ ஐயா?”

“இல்லீங்க. நான் சமாதான நீதவான்.”

“நல்லது. வெளியில போய்ச் சமாதானமா இருங்கோ.”

சாவிக்கொத்து மனமில்லாமல் எழுந்து போனது. கதவு சாத்தியதும் பாக்கியம் பூசாரி சொன்ன பேயையும் லயத்துப் பேச்சையும் கொட்டினாள். டொக்டர் விதுஷாவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

“காலமை கக்கூசுக்குப் போறனியோ?”

விதுஷா தாயைப் பார்த்தாள். “எங்க லயத்துக்கே ஒரே கக்கூசுங்க. வரிசை நகர்றதுக்குள்ள பஸ் போயிரும்.”

“பள்ளிக்கூடத்தில?”

“அடக்கிக்குவேன்.”

“தண்ணி குடிக்கிறேல்லையோ?”

“குடிச்சா போகணுமே டொக்டர். அதான் சாப்புடுறதும் இல்ல.”

டொக்டர் கையை எடுத்தார். “பேயுமில்லை, பிள்ளையுமில்லை அம்மா. குடலெல்லாம் இறுகி அடைச்சுக் கிடக்கு. நோவும் சத்தி எடுக்கிறதும் அதாலதான். மருந்து தாறன். ஆனா அடக்கிறதை நிப்பாட்டாட்டி திரும்பத் திரும்ப வரும்.”

பாக்கியம் தன் வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அடித்த கை அது.

“பள்ளிக்கூடத்தில கக்கூஸ் இல்லையோ?”

“இருக்குங்களே,” என்றாள் அவசரமாக. “பழச இடிச்சிட்டுப் புதுசாவே கட்டியிருக்கு. டைல்ஸ் எல்லாம் போட்டு, தலைவருதான் ரிப்பன் வெட்டினாரு.”

“வெட்டின அன்னைக்கே பூட்டிட்டாங்கம்மா,” என்றாள் விதுஷா. “அமைச்சர் வந்து பாக்குற வரைக்கும் அழுக்காகக் கூடாதாம். நான் அப்ப எட்டாம் வகுப்பு. டீச்சர்மாருக்கு வேற இருக்கு. பையன்க தேயிலைக்குள்ள போயிருவானுங்க.”

“இத்தனை பேருகிட்டக் காட்டினோமேடி. ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

விதுஷா தலையைத் திருப்பினாள். கதவைப் பார்த்தாள்.

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. தலைவர் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “விடை கெடைக்காம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்.”

கழிப்பறைச் சாவி அந்தக் கொத்தில்தான் இருந்தது.