தகரம் அடிக்கிறவள்

தனுஷிகா மறுபடியும் தகரப் பேணியில் தடியால் அடித்தாள். கூட்டுக்குள் இருந்த மரநாய்க்குட்டி விழுந்தடித்து ஓடிப் பனங்குற்றிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

“உமக்கு நெஞ்சிலை ஈரம் இருக்கோ பிள்ளை? தாயில்லாச் சீவன் ஆசையாய்க் கிட்ட வந்தால் உப்பிடியே கலைக்கிறது?” என்று உதயகலா கேட்டாள்.

“டொக்டர் சொன்னவர் அன்ரி,” என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெட்டை. முகத்தை மூடிய துணியைக்கூட அவிழ்க்காமல், நீளத் தடியால் சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளினாள்.

டொக்டர் சொன்னாராம். உதயகலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. காயப்பட்ட காட்டுச் சீவன்களைப் பராமரிக்கிற இந்த இடத்துக்கு முதன்முதலில் தொண்டு செய்ய வந்தவள் அவள். நெல்லியடியில் தன் தையல்கடையைப் பூட்டிவிட்டு வந்து, வௌவாலுக்குப் பை, ஆமைக்கு விரிப்பு என்று தைத்துக் கொடுத்தவள். நேற்று வந்த, கம்பஸில் படிக்கிற பெட்டைக்குக் குட்டியைக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மழைக்கு முன்னர் பழைய ஓட்டுவீடு ஒன்றைப் பிரித்தபோது கூரைக்குள் கிடைத்த குட்டி அது. தாயை நாய்கள் கொன்றுவிட்டன. “இதைத் தனுஷிகா பாக்கட்டும். நீங்கள் ராசாவைப் பாருங்கோ அக்கா,” என்று டொக்டர் சுபாஸ்கரன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ராசா நன்றாக வளர்ந்த மரநாய். கொடிகாமத்தில் ஒரு வீட்டார் குட்டியிலிருந்தே வாயில் பழம் தீத்தி வளர்த்துவிட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, இத்தனை வருடமாய் அந்தக் கூட்டில்தான். யார் வந்தாலும் கம்பியில் தொற்றி மூக்கை நீட்டும். அதைப் பார்ப்பதில் என்ன பெருமை?

பெருமையெல்லாம் தனுஷிகாவுக்குத்தான். “பிள்ளை வலு திறமாய்ச் செய்யிறா,” என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி, டொக்டர் தன் கையாலேயே அவளுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். குட்டி அவளைக் கண்டாலே நடுங்குகிறது, இதுவோ திறம்?

கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிற கனிசியஸ் உதயகலாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். “அக்காவுக்கு எங்கையோ எரியுது போலை.”

“எரியிறதுக்கு நானென்ன அடுப்பே? நீர் மீனை வெட்டும்,” என்றாள்.

குட்டியைத் தொடக்கூடாது, அதோடு கதைக்கக்கூடாது, பேர் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லித்தான் இருந்தார். அது புதிதாக வருகிறவர்களுக்கு. மத்தியானம் தனுஷிகா சாப்பிடப் போனதும், உதயகலா கதலிப்பழத்தை உரித்துக்கொண்டு கூட்டுக்குள் நுழைவாள்.

முதலில் அது சீறியது. பிறகு அவளுடைய கையை மணந்து பார்த்தது. கொஞ்ச நாளில் நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாலே ஓடிவந்து மடியில் ஏறியது.

“என்ரை குஞ்சு, அந்தத் தகரக்காரி உன்னை வெருட்டினவளோ?” என்று கேட்டுக் கேட்டுத் தீத்துவாள். அது தின்றுவிட்டு அவளுடைய காப்பை நக்கும். இதை ஒருநாள் தனுஷிகா பார்க்கவேண்டும், பார்த்து வயிறெரிய வேண்டும் என்று உதயகலாவுக்கு ஆசையாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், குட்டியை வெளியில் சுதந்திரமாக விடுவதற்காகப் பெட்டியில் வைத்துப் பனங்கூடலுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

குட்டி மண்ணை மணந்தது. பிறகு பக்கத்துப் பனையில் தொற்றி விறுவிறுவென்று ஏறியது. “போ, போ,” என்று தனுஷிகா துணிக்குள்ளால் முணுமுணுப்பது கேட்டது.

போகச் சொல்கிறாளே, கல்நெஞ்சுக்காரி. உதயகலாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருவருக்கும் கேட்காமல் நாக்கை ஒருக்கால் தட்டினாள்.

குட்டி நின்று தலையைத் திருப்பியது. சறுக்கிக்கொண்டு இறங்கி, எல்லாருடைய கால்களுக்கும் இடையால் ஓடிவந்து, அவளுடைய உடுப்பில் தொற்றித் தோளில் ஏறி இருந்தது.

“பாத்தீரே பிள்ளை?” என்றாள் உதயகலா. “அன்பு வைச்சால்தான் வரும். தகரம் அடிச்சால் வராது.”

தனுஷிகா ஈரமண்ணில் அப்படியே குந்தியிருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பொறாமை பொல்லாததுதான் என்று உதயகலா நினைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

டொக்டர் கிட்ட வந்தார். “கையாலை தீத்தினீங்களோ அக்கா?”

“ஓம் டொக்டர். ஒருநாளும் தவறேல்லை.”

அவர் குனிந்து வெறும் பெட்டியை மூடிவிட்டுத் தனுஷிகாவின் பக்கம் திரும்பினார்.

“ராசாவின்ரை கூட்டைத் திறவும் பிள்ளை, இனி ஆயுளுக்கும் இவனும் அங்கைதான்.”