ஞாயிற்றுக்கிழமை விமானம்

“விமானம் இறங்கிட்டுதோ?” என்று மாக்கிரட் கேட்டார்.

ஜோனாஸ் கதிரையை இழுத்துக் கட்டிலோரம் போட்டார். “இறங்கிட்டுது அம்மா. நான் வந்திட்டன்.”

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் அந்த முதியோர் இல்லத்தில் ஏழு வருடங்களாக ஞாயிறுதோறும் இதே கேள்வி, இதே பதில். அங்கே பராமரிப்பு வேலை செய்யும் றஜனிக்கு கிரீன்லாந்து மொழி தெரியாது; ஜோனாஸ்தான் ஒருநாள் அர்த்தம் சொன்னார். எண்பத்தெட்டு வயது மாக்கிரட்டுக்கு டேனிஷ் முழுவதும் மறந்து, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருந்தது.

“மழையெண்டாலும் பனியெண்டாலும் மனுசன் கிரின்ஸ்டெட்டிலயிருந்து கார் ஓடி வந்திடுது. எங்கட பிள்ளையள் இப்பிடி வருங்களோ?” என்பாள் கூட வேலை செய்யும் சுஜீதா.

மாக்கிரட் ஜோனாஸை ‘ஸ்ரிபன்’ என்று கூப்பிடும்போது மட்டும் றஜனிக்கு மனம் சங்கடப்படும், பெற்ற பிள்ளையின் பெயர்கூட மறந்துவிட்டதே என்று. ஒருமுறை திருத்தப் போனாள். ஜோனாஸ் வேண்டாமென்று தலையசைத்தார்.

வட கிரீன்லாந்தில் முப்பது குடும்பங்கள் வேட்டையாடி வாழ்ந்த ஊர் அவர்களுடையது. கடல் உறைந்து கிடக்கும் மாதங்களில் சரளைக்கல் ஓடுபாதை ஒன்றுதான் அதற்கு வாசல். ஆறு வயது ஜோனாஸை, டென்மார்க்கில் ஒரு வருடப் படிப்பு என்று அதிகாரிகள் சொல்லி, அங்கிருந்துதான் விமானத்தில் ஏற்றினார்கள்.

அந்த வருடம் முடியுமுன் ஊரையே மூடிவிட்டார்கள். சனங்களைப் படகில் ஏற்றி வேறு வேறு பட்டினங்களுக்கு அனுப்பினார்கள். பிள்ளையை அதே விமானம் திருப்பிக் கொண்டுவருமென்று மாக்கிரட் ஒரு கிழமை ஓடுபாதையிலேயே நின்றாராம். கடைசிப் படகில் அவரைத் தூக்கித்தான் ஏற்றினார்களாம். பிறகு மகனைத் தேடி டென்மார்க் வந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஐம்பது வயதுக்குப் பிறகு, மறந்துபோன தன் மொழியை வகுப்புக்குப் போய்த் திரும்பப் படித்துக்கொண்டு ஜோனாஸ் அந்த ஊருக்குப் போனார். எடுத்த படத்தை றஜனிக்குக் காட்டியிருக்கிறார். துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்கள், காற்றின் திசை காட்டும் துணி போய்விட்ட வெறும் கம்பம், சரளையெல்லாம் பாசி. போர்க்காலத்தில் தன் ஊரை இராணுவத்தின் விமானத்தளம் ஒன்றுக்குப் பறிகொடுத்து வந்தவள் றஜனி. போனை உடனே திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் மாக்கிரட்டின் மூச்சு இளைத்தது. ஜோனாஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். சற்று நேரத்தில் பிடி தளர்ந்தது.

என்ன சொன்னார் என்று றஜனி மெல்லக் கேட்டாள்.

“குளிருது, வா வீட்டை போவம் எண்டவ.”

அவர் அழுது முடியும்வரை றஜனி பக்கத்திலேயே நின்றாள். பிறகு யன்னலைச் சிறிது திறந்துவிட்டு, இறந்தவரின் பொருட்களை ஒப்படைக்கும் படிவத்தைக் கொண்டுவந்தாள். உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று தானே எழுதி, பேனையை நீட்டினாள்.

ஜோனாஸ் அதை வாசித்தார். பேனையை வாங்கவில்லை.

“நான் கையெழுத்து வைக்கேலாது, றஜனி. நான் தேடிப் போக முன்னமே என்ர அம்மா செத்திட்டா.”

றஜனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். “அப்ப, இவ?”

“இவவின்ர பிள்ளை ஸ்ரிபன் இங்க வந்த முதல் மாரிக் குளிரிலயே காய்ச்சலில செத்துப்போனான். விமானத்தில எனக்குப் பக்கத்தில இருந்தவன்.”